பார்வையிடப்பட்டது

குடும்ப நிலைத்தன்மை வாரியத்துக்கு எந்தக் குடும்பத்தின் மீதும் பகை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கட்டடத்தின் வாசலில், வரவேற்பறையில், ஏன், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில்கூட, 'உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். லிஃப்டுக்குள் மட்டும் ஒட்டவில்லை. அது ஓடாததால், உள்ளே போய் ஒட்ட வழியில்லை.

லிஃப்ட் ஓடாததை, மனைவி மகளோடு அங்கே வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்தான் முதலில் கவனித்தான். அவன் பிழைப்பே அதுதான். "கதவு சென்சார் போயிருக்கு. அரை மணி நேர வேலை" என்று மனைவியிடம் சொன்னான். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், மூடிக் கிடந்த லிஃப்ட் கதவில் காதை வைத்து, ஓடினால் அது எந்தச் சுருதியில் முனகுமோ அதே சுருதியில் முனகினாள்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் மகாராணி. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. பேச்சு அபூர்வம். பாட்டில் மூடிகளை அளவுவாரியாக அடுக்குவாள். ஒன்று காணாமல் போனால் வீடு இரண்டுபடும். இந்தக் கதையில் வருகிறவர்களில், மனதில் பட்டதை அப்படியே செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பகல் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று மணி வரை, பழகிய ஆசிரியர்கள், சத்தமில்லாத அறைகள். அந்த இடத்தைக் கொடுப்பது வாரியத்தின் கையில் இருந்தது. அதற்குத்தான் மூன்று பேரும் நான்கு மாடி ஏறிப் போனார்கள்.

நான்காம் மாடியில் இருந்தவர் ஒற்றுமை அலுவலர். தேன் ஒழுகப் பேசுகிறவர். அவர் மேஜையில் ஒரு பூந்தொட்டியும் பதினோரு ரப்பர் முத்திரைகளும் இருந்தன.

"புள்ளிவிவரம் என்ன சொல்லுதுன்னா, இந்த மாதிரி குழந்தை இருக்கற வீட்ல புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுடறாங்க" என்றார். "நாங்க இடம் குடுப்போம், மூணு மாசத்துல நீங்க பிரிஞ்சு போயிடுவீங்க, இடம் வீணாயிடும். அதனால நீங்க பிரிய மாட்டீங்கன்னு முதல்ல நிரூபிக்கணும். அதுக்குப் பேரு ஒற்றுமைச் சான்றிதழ்."

"எவ்வளவு நாள் ஆகும் சார்?" என்று மெக்கானிக் கேட்டான்.

"பிரியாம இருக்கப் போறவங்களுக்கு என்ன அவசரம்?"

மூன்று அமர்வுகள். கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். குழந்தையை அழைத்து வரக் கூடாது.

"அப்போ குழந்தையை யார்கிட்ட விடறது சார்?"

"வீட்ல யாராவது இருப்பாங்களே."

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்போ அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட விட்டுட்டு, ரெண்டு பேரும் வாங்க" என்றார் அலுவலர். அவர் கேலி செய்யவில்லை. விதியைச் சொன்னார்.

ஆகவே முதல் அமர்வில் மெக்கானிக் உள்ளே உட்கார்ந்தான். மனைவி மகாராணியோடு வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஐந்தடி தூரத்தில் நின்றாள். அலுவலர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு கோப்பில் 'மனைவி: வரவில்லை' என்று எழுதினார். இரண்டாவது அமர்வுக்கு இடம் மாறிப் பார்த்தார்கள். மனைவி உள்ளே, அவன் வெளியே. 'கணவன்: வரவில்லை.' இரண்டு அமர்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது, கோப்பின்படி யாருமே வரவில்லை.

மெக்கானிக் எழுதிக் கொண்டுபோன பதினாறு பக்க விண்ணப்பத்தை அலுவலர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தின் மூலையில் 'பார்வையிடப்பட்டது' என்று ஒரு குத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு குத்து. பஸ்ஸில் திரும்பும்போது அவனுக்கு ஆறவே இல்லை.

"ஒரு பக்கம் புரட்டலை அந்த ஆளு. ஒருத்தர் உட்கார்ந்து எழுதினதைப் படிக்காமலே பார்த்தாச்சுன்னு குத்துவானா? மனுஷனா அவன்?"

மனைவி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகாராணி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பஸ்ஸின் சுருதியில் முனகினாள்.

அந்த வீட்டின் நடைமுறையை இங்கே சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்குப் போய் ஒன்றே முக்காலுக்குத் திரும்புவாள். அவன் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பிப் போய், அவள் தூங்கிய பிறகு வருவான். வாசலில் இரண்டு பேரும் சேர்ந்திருப்பது ஏழு நிமிஷம். அதிலும் பேச முடியாது. இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டால் மகாராணி காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். அது அவள் குற்றமில்லை, அவளுக்கு வலிக்கிறது. அதனால் முதலில் மெதுவாகப் பேசினார்கள், பிறகு சைகையில் பேசினார்கள், அப்புறம் நோட்டு வந்தது.

நோட்டு மெக்கானிக்கின் யோசனை. லிஃப்ட் அறையில் அப்படித்தான். போகிறவன் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவான், வருகிறவன் அதன் கீழே 'பார்த்தேன்' என்று போட்டு வேலையை ஏற்றுக்கொள்வான். அதே மாதிரி ஒரு கனத்த நோட்டில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். சாப்பாடு, தூக்கம், மாத்திரை, காயம், கடைசியில் குறிப்பு. லிஃப்ட் பதிவேட்டிலும் கடைசிக் கட்டம் குறிப்புதான். இருபது வருஷ சர்வீஸில் அதில் எவனும் எதுவும் எழுதி அவன் பார்த்ததில்லை. அது ஒரு கட்டம், அவ்வளவுதான். காலையில் ஒரு கையால் பல் துலக்கிக்கொண்டே இன்னொரு கையால் 'பார்த்தேன்' போடுவான். ஆறு வருஷத்தில் நாலு நோட்டு முடிந்து ஐந்தாவது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் பேய் இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவனுக்கு மனைவி என்பவள் ஈரத் துண்டு, சீப்பில் சுற்றிய முடி, இன்னும் சூடு ஆறாத டீ டம்ளர். சில நாள் குளியலறையில் சோப்பின் வாசம் கனமாக நிற்கும். அவள் இப்போதுதான் இங்கே இருந்தாள் என்று தோன்றும், உடம்பு சிலிர்க்கும். அவளுக்கு அவன் எப்படித் தெரிந்தான் என்று அவன் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பான்.

இரண்டாவது அமர்வுக்குப் பிறகு வாரியத்திலிருந்து கள ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். கையில் அளவு நாடா. தம்பதியின் தலையணைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார்.

"பதினாலடி. நடுவுல ஒரு சுவர்."

"பொண்ணு பக்கத்துல ஒருத்தர் படுக்கணும் சார். இல்லன்னா எழுந்து கதவைத் திறந்துட்டுப் போயிடுவா" என்றாள் மனைவி.

"அனுமதிக்கப்பட்ட தூரம் நாலடிம்மா. சுவரோட கனத்தைக் கழிச்சாலும் கணக்கு உதைக்குது." எழுதிக்கொண்டார். பிறகு ஃபிரிட்ஜ் மேலிருந்த நோட்டை எடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் புரட்டினார்.

"இதுல 'அன்பு'ங்கற வார்த்தை ஒரு இடத்துலகூட இல்ல. 'பேதி'ங்கறது முப்பத்தோரு இடத்துல இருக்கு."

"குழந்தைக்கு வயிறு சரியில்லாம இருந்துச்சு சார்" என்றான் மெக்கானிக்.

"தம்பதிகளோட எழுத்துப் பரிமாற்றம்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல அன்பு, பாசம், கண்ணே, இந்த மூணுல ஒண்ணு இருக்கணும். குறிப்புன்னு ஒரு கட்டத்துல என்னென்னவோ எழுதியிருக்கு, அது எங்க படிவத்துல வராது."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஆய்வாளர் கிளம்பலாம் என்று பார்த்தால் அவருடைய பேனா, மூடி, முத்திரை, நாடா எல்லாவற்றையும் மகாராணி தரையில் அளவுவாரியாக அடுக்கிவைத்திருந்தாள். நாடாவை எடுக்கப் போனார். அவள் போட்ட கூச்சலில் கையை இழுத்துக்கொண்டு, அவளாக எழுந்து போகும்வரை நாற்பது நிமிஷம் சுவரோரம் நின்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது அமர்வு பரஸ்பரப் பார்வை. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து நான்கு நிமிஷம் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். இந்தத் தடவை இரண்டு பேரும் உள்ளே இருந்தே ஆக வேண்டும். அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பெரிய மனது பண்ணினார். குழந்தைக்குத்தான் அனுமதி இல்லை. உடன் கொண்டுவந்த பொருள்களுக்குத் தடை இல்லை. 'ஒரு குடை, ஒரு கைப்பை, ஒரு மகள்' என்று பதிவேட்டில் ஏற்றி, மகாராணியை மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் பதினோரு முத்திரைகளையும் அடுக்க ஆரம்பித்தாள்.

மணி அடித்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

ஒரு பக்கக் காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. புருவத்தில் ஒரு தழும்பு, புதிதல்ல. இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது. அவளும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரிந்ததோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"மூணு நிமிஷம் ஆச்சு. இப்போ சிரிக்கணும், ஒன்பதாவது அம்சம்" என்றார் அலுவலர்.

அவள் சிரித்தாள். மேல்வரிசையில், இடது பக்கம், ஒரு பல் இல்லை. இடைவெளி ஆறிப்போய்ப் பளபளவென்றிருந்தது. பழைய இழப்பு. அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எப்போது போயிற்று? விழுந்தாளா, பிடுங்கினார்களா, ரத்தம் வந்ததா, அப்போது நான் எங்கே இருந்தேன்? கேட்க வாயெடுத்தான். பார்வையின்போது பேசக் கூடாது என்று அலுவலர் விரலைக் காட்டினார். மணி அடித்தபோது மகாராணி அந்தச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தேற்றி, நான்கு மாடி இறங்கி, பஸ் பிடித்து, மனைவி பையை எடுத்துக்கொண்டு அரைநாள் வேலைக்கு ஓடினாள். கேள்வி அவன் வாயிலேயே தங்கிவிட்டது. மறுநாளும் தங்கியது. அப்புறம் அது பழகிவிட்டது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. 'கணவர் நான்காம் நிமிடத்தில் பயந்தார். சான்றிதழ் மறுக்கப்படுகிறது.'

மெக்கானிக் மட்டும் போய் அலுவலர் முன்னால் நின்றான். மாதம் முடிந்தால் பள்ளியில் இடமும் போய்விடும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. தனிப் பெற்றோர் ஒதுக்கீடுன்னு ஒண்ணு இருக்கு. பிரிஞ்சுட்டீங்கன்னா உடனே இடம். விசாரணையே பத்து நிமிஷம்தான்."

"பிரியக் கூடாதுன்னுதானே சார் ஏழு மாசமா..."

"அது பிரியாதவங்களுக்கு. பிரிஞ்சவங்க மேல எங்களுக்குத் தனி அக்கறை. ஒரு குடும்பம் உடைஞ்சா முதல்ல ஓடி வர்றது நாங்கதான். உடையறதுக்கு முன்னால வந்தா, எதுக்கு வந்தோம்னு ஆடிட்ல கேள்வி வரும்."

அன்று மதியம் வாசல் ஏழு நிமிஷத்தில் மனைவியிடம் சொன்னான், கிசுகிசுப்பாக. வெறும் காகிதம்தான், மகாராணிக்காகத்தான் என்றான்.

"காகிதம்தானே" என்றாள் அவள். "போடுங்க. எங்க கையெழுத்து?"

அவள் கொஞ்சமாவது தயங்குவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான்.

அதே ஆய்வாளர் அதே நாடாவோடு வந்தார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது. தலையணைத் தூரம் பதினாலடி, திருப்தி. நடுவில் சுவர், மிக்க திருப்தி. சேர்ந்து சாப்பிட்டதற்கான அடையாளம் இல்லை. எழுத்துப் பரிமாற்றத்தில் அன்பு இல்லை, பாசம் இல்லை, கண்ணே இல்லை. ஏழு மாதமாக எவையெல்லாம் குற்றமாக இருந்தனவோ அவையெல்லாம் ஒன்றுகூட விடாமல் தகுதியாகிவிட்டன. ஒன்பதாவது நிமிஷத்தில் எழுந்து மெக்கானிக்கின் கையைக் குலுக்கினார்.

"இவ்வளவு சுத்தமான கேஸ் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. சில பேர் இடத்துக்காகப் பிரிஞ்ச மாதிரி நடிப்பாங்க, பார்த்ததுமே தெரிஞ்சுடும். உங்களுது நிஜம்."

ஒரே ஒரு நிபந்தனை. பிரிந்தவர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது; முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்பார்கள்; கையும் களவுமாகப் பிடிபட்டால் இடம் ரத்து. மெக்கானிக் தன் புது முகவரியாக, வேலை பார்க்கும் கட்டடத்தின் மொட்டை மாடி லிஃப்ட் அறையை எழுதிக்கொடுத்தான். வாரியம் அந்த முகவரிக்கு ஓர் அனுதாபக் கடிதம் அனுப்பியது.

பள்ளி திறந்த நாள், வேன் வந்தது. மகாராணி வேனின் என்ஜினை ஒரு நிமிஷம் கேட்டாள், அதன் சுருதி பிடித்துப்போயிருக்க வேண்டும், ஏறி உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி லீவு போட்டிருந்தாள். அவனுக்கு இரண்டு மணிக்குத்தான் வேலை.

கதவைச் சாத்தியதும் வீடு அவர்களை முழுங்கியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, மெதுவாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதனாலோ என்னவோ, பேச ஒன்றும் வரவில்லை. அவள் இரண்டு தட்டு வைத்தாள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"உட்காருங்க" என்றாள், வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதுபோல.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள். வாசலில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவள் உதட்டை மட்டும் அசைத்தாள்: ஆய்வாளர்.

அவன் தன் தட்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டான். அன்று காலை தான் 'பார்த்தேன்' போட்ட பக்கம் ஞாபகம் வந்து, நோட்டையும் எடுத்துக்கொண்டு, மகாராணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சொந்த வீட்டில், ஒரு கையில் தட்டும் ஒரு கையில் செருப்பும் கக்கத்தில் நோட்டுமாக, கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். வெளியே நாற்காலி இழுபடும் சத்தம்.

"எப்படிம்மா இருக்கீங்க? பொண்ணு போச்சா?"

"போயிட்டா சார்."

தட்டைக் கீழே வைத்தான். ஏதாவது செய்யாவிட்டால் இருமிவிடுவோம் என்ற பயத்தில் நோட்டைப் புரட்டினான். சாப்பாடு, தூக்கம், மாத்திரை, காயம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவனுடைய அழகான கையெழுத்து. வேறு வேலையில்லாததால், அவன் கண் முதல் தடவையாகக் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

'குறிப்பு: எனக்கு இன்னைக்குப் பல் எடுத்தாச்சு. மரத்துப்போனது விட்டு இப்ப வலி தாங்கலை. நாளைக்கு மதியம் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போக முடியுமா?' கீழே: பார்த்தேன்.

பக்கத்தைத் திருப்பினான்.

'குறிப்பு: இன்னைக்கு ராணி என்னை அம்மான்னு கூப்பிட்டா. ஒரே ஒரு தடவை. நீங்க வந்ததும் எழுந்து சொல்லணும்னு நினைச்சேன், முடியாது, எழுதறேன்.' பார்த்தேன்.

இன்னும் நாலைந்து பக்கம் தள்ளி, சின்ன எழுத்தில்:

'குறிப்பு: இதையெல்லாம் நீங்க படிக்கறீங்களா?'

பார்த்தேன். காலை 6.10. பக்கத்தில் கையொப்பம்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. இன்றுவரை காலி.

வெளியே ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "ஒரே ஒரு கேள்விதான்மா. அவர் இங்க வர்றாரா?"

"இல்ல சார்" என்றாள் மனைவி. "அவர் வந்து ரொம்ப வருஷமாச்சு."

குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு முத்திரை விழும் சத்தம் கேட்டது. போகும்போது, "உண்மையைச் சொல்றவங்களைக் குரல்லயே கண்டுபிடிச்சுடுவோம்மா, அனுபவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மெக்கானிக் வெளியே வரவில்லை. வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் வந்து கதவைத் திறந்தபோது, மகளின் கட்டிலில், பாட்டில் மூடிகளுக்கு நடுவில், நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவள் நோட்டைப் பார்த்தாள், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"பல்லு..." என்றான். ஏழு நிமிஷப் பழக்கத்தில் குரல் கிசுகிசுப்பாகவே வந்தது. "பல்லு ரொம்ப வலிச்சுதா?"

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்தப் பல்லு? முதல்ல எடுத்ததா, ரெண்டாவதா?"